என் வாசற்படியில் ஒரு சிவப்பு அம்பு

எங்கள் சந்து மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவில் இருக்கிறது. கபாலி கோயில் வெடிச் சத்தமும் கேட்கும், மாதா கோயில் மணியும் கேட்கும். மழைத் தண்ணீர் மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் இங்கேயே நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று என் வீட்டு வெளிச்சுவரில் ஓர் ஆணியால் கோடு கீறி, பக்கத்தில் தேதி எழுதி வைப்பேன். சாந்தோம் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவள் நான். தேதி இல்லாத எதையும் நம்ப மாட்டேன்.

என் சுவரில் அது வெறும் கோடு. எதிர்வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கும் இஸ்திரிக்காரம்மாவுக்கு அது வீட்டுக்குள் வரும் தண்ணீர். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் அவர் வீட்டுத் தரை தெருவைவிட ஓரடி பள்ளமாகிவிட்டது. ஐப்பசி பிறந்தால் ஊர்த் துணி மூட்டைகளைப் பரணில் ஏற்றிவிட்டு, கட்டில்மேல் உட்கார்ந்திருப்பார். போன வருடம் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை தண்ணீர் ஏறினால் அந்தப் பகுதியைப் பூட்டிவிட்டு வண்டி நிறுத்த விட்டுவிடுவாராம்.

"பூட்டுனா நான் எங்க டீச்சர் போவேன்? எங்க அக்காவ ஆத்தோரத்துலேர்ந்து தூக்கி ஊருக்கு அந்தாண்ட போட்டாங்க. அங்க போனா இஸ்திரி போட துணி யாரு குடுப்பாங்க? அவங்கவங்க துணியே கசங்கிப் போய்க் கீது."

அதனால்தான் தெருமுனையில் மழைநீர் வடிகால் திட்டப் பலகை நட்டபோது, அதை என்னைவிட அக்கறையாகப் பார்த்தவர் அவர். அவருக்குப் படிக்க வராது. நான் வாசித்துக் காட்டினேன். வெளிநாட்டு வங்கிக் கடன், மாநில அரசின் பங்கு, மாநகராட்சியின் பங்கு என்று வரிசையாக எழுதியிருந்தது.

"இத்தினி பேரு சேந்தா ஒரு கால்வா வெட்டறாங்க?" என்றார்.

வேலையைப் பார்த்துக்கொண்ட உதவிப் பொறியாளர் முப்பது வயதைத் தாண்டாத பெண். தலைக்கவசத்துக்குள் மல்லிகைச் சரம் நசுங்கியிருக்கும். பலகையைப் பற்றி நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். பணம் மொத்தமாக வராது. ஒரு கட்டம் முடிந்து, அதை ஒருவர் ஆய்வு செய்து ஒப்பமிட்ட பிறகே அடுத்த தவணை வரும். ஆய்வு செய்பவர் இந்த மண்டலத்துக்காரராக இருக்கக்கூடாது. கோவையிலிருந்து இங்கே வருவார்கள், இங்கிருந்து நெல்லைக்குப் போவார்கள். யார் யார் உறுப்பினராகக்கூடாது என்று ஏரி வாரியத்துக்கு விதிகள் வகுத்த கல்வெட்டுகளை வகுப்பில் எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அப்படியொரு விதி உயிரோடு நடமாடுவதை என் வாசலில்தான் முதலில் பார்த்தேன்.

வாசல் என்று சொல்வது வெறும் பேச்சுக்கில்லை. வடிகாலின் ஆழத்தையும் சரிவையும் அளக்க அசையாத ஓரிடம் வேண்டும். சாலை ஏறிக்கொண்டே இருக்கிறது, மின்கம்பத்தை மாற்றிவிடுகிறார்கள். பொறியாளர் சந்து முழுக்க நடந்து பார்த்துவிட்டு என் வீட்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"டீச்சர், இந்தத் தெருவுலயே நகராத பொருள் உங்க படி ஒண்ணுதான். ஒரு மார்க் போட்டுக்கட்டுமா?"

சிவப்பு எனாமலில் ஓர் அம்புக்குறியும் கீழே ஓர் எண்ணும் எழுதினார். பெரிய சாலைச் சிறுபாலத்தில் இருக்கும் தலைமைக் குறியிலிருந்து அளந்துகொண்டு வந்த உயரம் அது. இனி இந்தச் சந்தில் எல்லா அளவும் இந்த அம்பிலிருந்துதான் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைய தேதியை நாட்குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதினேன். கூட்டுகிற பெண்ணிடம், அம்புமேல் துடைப்பம் படக்கூடாது என்றும் சொல்லிவைத்தேன்.

மேல்பாதி வேலை வேகமாக நடந்து என் வாசல்வரை வந்தது. அங்கே ஒரு வண்டல் தொட்டி கட்டினார்கள். மண்ணும் குப்பையும் அதில் தங்கிவிட, தெளிந்த நீர் மேற்கொண்டு போகுமாம். அதோடு முதல் கட்டம் முடிந்தது. அடுத்த தவணை வரும்வரை சில வாரம் வேலை நின்றது. பொறியாளர் அந்த இடைவெளியில் நெல்லைப் பக்கம் ஆய்வுக்குப் போய்விட்டார்.

அந்த வாரங்களில்தான் என் குளியலறைக்குத் தரை போட ஆள் வந்தது. வேலை முடிந்து ஒரு கருங்கல் பலகை மிஞ்சியது. வாசற்படியின் விளிம்பு உடைந்திருந்ததால் அதை அங்கே பதிக்கச் சொன்னேன். அம்புக்குறி மறையுமே என்று எனக்கு நினைவிருந்தது. அரசாங்கக் குறியாயிற்றே. சுவரிலிருந்து எத்தனை அங்குலம், விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் என்று ஸ்கேல் வைத்து அளந்து நாட்குறிப்பில் குறித்துக்கொண்டேன். கல் காய்ந்ததும் அதே இடத்தில், அதே சிவப்பில், அதே எண்ணோடு அம்பை நானே வரைந்தேன். பழையதைவிட நேராகவே வந்தது.

பொறியாளர் திரும்பி வந்தார், கீழ்ப்பாதி தொடங்கியது. அளவுக்கோலை என் படியில் அம்பின்மேல் நிறுத்தி, சற்றுத் தள்ளிக் கருவியை வைத்து மட்டம் பார்த்தார்கள். என் வாசலிலிருந்து பெரிய சாலைவரை அடித்தளமும் சுவர்களும் எழும்பின. மேல்மூடி மட்டும் பாக்கி. புரட்டாசி முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை ஆய்வாளர் வந்தார். கோவைக்காரர், நரைத்த மீசை, கையில் மஞ்சள் பை. காகிதங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: "காயிதமெல்லாஞ் சுத்தமா இருக்குதுங்க மேடம். ஒரு லாரித் தண்ணி வரச் சொல்லுங்க. தண்ணி என்ன சொல்லுதுன்னும் கேட்டுருவோம்."

சந்தின் மேல்முனையில் லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அது சரசரவென்று வடிகாலில் ஓடிவந்து வண்டல் தொட்டியை நிரப்பியது. நிரம்பிய பிறகு கீழ்ப்பாதிக்குள் வழிய வேண்டும். வழியவில்லை. தொட்டியில் உயர்ந்து, வந்த வழியே பின்வாங்கி, இஸ்திரிக்காரம்மா வீட்டு வாசலுக்கு நேரே வடிகாலில் நின்றது.

"நிக்குது," என்றார் இஸ்திரிக்காரம்மா.

கருவியை மறுபடி வைத்தார்கள். கீழ்ப்பாதியின் எண்கள் எல்லாம் சரி. கருவி பழுதோ என்று வேறொன்று கொண்டுவந்தார்கள். அதுவும் அதே எண்களைக் காட்டியது. ஒப்பந்தக்காரரின் மேஸ்திரிமேல் எல்லோர் பார்வையும் திரும்பியது.

"இன்னா சார் என்னையே பாக்கறீங்க? மேடம் குடுத்த மட்டத்துலதான் கொட்னேன். ஒரு நூலு கூடக் கொறையல."

பொறியாளர் முகம் வெளுத்திருந்தது. மூன்றாவது முறையாக அளவுக்கோலை என் படியில் நிறுத்தினார்கள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோலின் அடி, கருங்கல்லின்மேல், நான் வரைந்த அம்பின் முனையில் நின்றது.

உள்ளே போய் நாட்குறிப்பை எடுத்துவந்தேன். கல் பதித்த நாளின் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். "படிமேல கல் பதிச்சேன். மார்க்கைத் திரும்ப நானே போட்டேன்," என்றேன்.

பொறியாளர் குனிந்து கல்லின் விளிம்பை ஸ்கேலால் அளந்தார். கலவையோடு சேர்த்து இரண்டரை அங்குலம். கீழ்ப்பாதி முழுவதும் இருக்கவேண்டிய இடத்தைவிட அந்த இரண்டரை அங்குலம் தூக்கலாக நின்றது. நடுவில் தொட்டி இருந்ததால் அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

ஆய்வாளர் மீசையைத் தடவினார். "ஏனுங் டீச்சர், நீங்க அந்த மார்க்கை அழிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்களே. வேற எடம் பார்த்திருப்போமுங்க. இத்தனை அழகா மறுபடியும் எழுதி வெச்சிட்டீங்களே!"

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு பொறியாளர் பக்கம் வந்து தணிந்த குரலில், ஆனால் எனக்குக் கேட்கும்படி, சொன்னார்: "மேடம், வுட்ருங்க. ரெண்டர இஞ்சிதான? மழ வேகத்துல தள்ளிக்கினு போய்டும். மூடி போட்டுட்டா எவன் பாக்கப் போறான்? புக்குல நீங்க கையெழுத்தே போட்டாச்சு."

புக் என்று அவர் சொன்னது அளவுப் புத்தகத்தை. பக்கங்களுக்கு அச்சிலேயே எண் இருக்கும். ஒரு தாளைக் கிழிக்க முடியாது. ரப்பர் போட முடியாது. தவறிருந்தால், பழைய எழுத்து தெரியும்படி ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, சரியானதை எழுதவேண்டும். அது பொறியாளரின் பணிக்கோப்போடு காலமெல்லாம் இருக்கும்.

பொறியாளர் எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார். இஸ்திரிக்காரம்மா படியில் உட்கார்ந்து, தேங்கி நின்ற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர் என் படியில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்தார். கீழ்ப்பாதியின் மட்டங்கள் இருந்த வரிகளின்மேல் ஒவ்வொன்றாகக் கோடு அடித்தார். காரணத்தை எழுதும்போது அவர் தோளுக்குமேல் எட்டி நான் படித்துக்கொண்டேன். குறி இடம்பெயர்ந்ததைத் தலைமைக் குறியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தவறினேன் என்று எழுதியிருந்தார்.

"தப்பு என்னோடது. என் பேரை எழுதும்மா," என்றேன்.

"இந்தப் புக்குல வேலை செஞ்சவங்க பேருதான் வரும், டீச்சர். வந்து முதல் நாளே பாலத்துலேர்ந்து செக் பண்ணியிருக்கணும். நெல்லையில அடுத்தவங்க வேலையில இதைத்தான் தேடித்தேடிப் பார்த்துட்டு வந்தேன்," என்றார். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "இடிங்கண்ணா. இன்னைக்கே," என்றார்.

அன்று மாலையே இடிக்கத் தொடங்கினார்கள். ஆய்வாளர் கோவைக்குத் திரும்பவில்லை. திருத்தியதைப் பார்க்காமல் ஒப்பமிட்டால் தான் வந்ததற்கு அர்த்தமில்லை, பார்க்காமல் போனால் தவணை நின்றுவிடும் என்று சொல்லி, மந்தைவெளியில் ஒரு விடுதியில் தங்கி தினமும் வந்தார். குறையையும் எழுதினார், பொறியாளர் அதைத் தாமாக ஒப்புக்கொண்டு சரிசெய்ததையும் எழுதினார். புதிய அம்பு இம்முறை இடிக்காமல் விட்ட மேல்பாதி வடிகால் சுவரிலேயே போடப்பட்டது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. தினமும் இரண்டு முறை ஃபிளாஸ்க்கில் தேநீர் கொடுத்தனுப்பினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்த பரிகாரம்.

இரண்டாவது லாரித் தண்ணீர் தொட்டியைத் தாண்டி நிற்காமல் பெரிய சாலைக்கு ஓடியது. ஆனாலும் லாரி வேறு, மழை வேறு. மூடி போட்டு நாலாம் நாள் வானம் கறுத்தது. இஸ்திரிக்காரம்மா பழக்கப்படியே மூட்டைகளைப் பரணில் ஏற்றினார். விடியும்வரை கொட்டியது. காலையில் கதவைத் திறந்தபோது சந்தில் சேறு இருந்தது, வேப்பிலை இருந்தது, தண்ணீர் இல்லை. வடிகாலுக்கு அடியில் மட்டும் இடைவிடாத இரைச்சல்.

அவர் தன் வாசலில் நின்றிருந்தார், கையில் ஈரமில்லாத துடைப்பத்தோடு.

"இன்னா டீச்சர், செவுத்துல கோடு போடலியா?"

"எதுக்கும்மா? தண்ணியே ஏறலியே."

"ஏறலன்னுதான் எழுதணும். வீட்டுக்காரு வந்தா காட்ட வேணாமா? உங்க செவுத்த தவிர அந்தாளு எத நம்புவாரு?"

ஆணியை எடுத்துக்கொண்டு வந்தேன். சுவர் தரையைத் தொடும் இடத்தில், மடங்காத முழங்காலோடு குனிந்து, கோடு கீறித் தேதி எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, நேராக இருக்கிறது என்றார். பிறகு உள்ளே போனார். பரணிலிருந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கும் சத்தம் கேட்டது.