லயத்துக்காகச் சாப்பிடுகிறவர்

கண்ணை மூடிக்கொண்டு நான்காவது இட்லியை ரெங்கம்மாவுக்காகத் தின்றுகொண்டிருந்தார் பொன்னையா. முதல் மூன்றும் அவருடைய சொந்தப் பசிக்கு. அவை உள்ளே போனதும் எழுந்து வாயைக் கொப்பளித்தார். தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் ஒரு முடிச்சைத் தடவிப் பார்த்தார். "இது ரெங்கம்மாவுக்கு" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்து கை நனைத்தார். மதுரைத் தெருவோரத்தில் இட்லி விற்கிறவள் எத்தனையோ வாடிக்கைக்காரர்களைப் பார்த்தவள்தான். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"என்னய்யா, கண்ணை மூடிக்கிட்டு திங்கிறீரு? மந்திரம் கிந்திரம் போடுறீரா?"

பொன்னையா மென்றுகொண்டே இருந்தார். பிறருக்காகச் சாப்பிடும்போது அவர் பேசுவதில்லை. பேசினால் ருசி பாதி வெளியே போய்விடும் என்பது அவர் கட்சி.

இட்லிக்கு உரிய ரெங்கம்மா அந்த நேரம் கடலுக்கு அப்பால், பதுளைக்கும் அப்பால், மடுல்சீமைப் பக்கத்து மலை ஒன்றில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்திலேயே பிறந்தவள். "இட்லின்னு ஒண்ணு இருக்காமே, அண்ணே. எனக்காக ஒண்ணு தின்னுட்டு வந்து எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்று காசைக் கையில் திணித்து அனுப்பியிருந்தாள். வாங்கி வரச் சொல்வதில் அர்த்தமில்லை. கப்பல் ஏறுமுன் நோய் சோதிக்கும் முகாமில் நாள்கணக்கில் அடைத்துப்போடுவார்கள். பிறகு கப்பல், பிறகு பண்டாரவளை வரை ரயில், அப்புறம் பதுளை, பசறை என்று நடை. இட்லி அத்தனை தூரம் தாங்காது. பொன்னையாவின் வாய் தாங்கும் என்று லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நம்பிக்கை.

பொன்னையா அந்தத் தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்கும் சில்லறைக் கங்காணி. மெலிந்த ஆள். ஒரு லயத்துக்கே சாப்பிடுகிறவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இடப்பக்கக் கடைவாய்ப் பல் சொத்தை. எதையும் வலப்பக்கமே போட்டு மெல்லுவார். இனிப்பென்றால் பல் கூசும், ஆகவே பிடிக்காது. தோட்டத்தில் இருக்கும் நாளெல்லாம் குரக்கன் என்கிற கேழ்வரகு ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் போதும் அவருக்கு. இப்படிப்பட்டவரைப் பிடித்து அல்வா தின்னச் சொன்னது விதியின் விளையாட்டு என்று சொல்லலாம்; பெரிய கங்காணி வீரசிங்கத்தின் ஏற்பாடு என்றும் சொல்லலாம்.

வீரசிங்கம் வருஷத்துக்கொரு தரம் தோட்ட வேலைக்கு ஆள் கட்டிவர மதுரைக்குப் போவார். ஆள் கட்டுவது வாய்ச் சாமர்த்தியம். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காய் கிடைக்கும், மாசிக்கருவாடு கிடைக்கும் என்றெல்லாம் கூசாமல் சொல்லவேண்டும். முதல் பயணத்தில் துணைக்கு வந்த பொன்னையாவிடம், புறப்படத் தயாராக நின்ற ஒருவன், "அங்கிட்டு குளிருமா?" என்று கேட்டான். "குளிரும். அட்டை கடிக்கும். மழைக்கு லயம் ஒழுகும்" என்றார் பொன்னையா. கேட்டதற்குச் சொன்னார், அவ்வளவுதான். அன்று மூட்டை கட்டியிருந்த குடும்பங்கள் மூட்டையை அவிழ்த்துக்கொண்டு போயே போய்விட்டன.

வீரசிங்கம் அடிக்கவில்லை. "டேய், ஆள்களோட நான் பேசுற நேரத்துல நீ இங்க நிக்காதே. வாய் சும்மா இருக்காட்டி எதையாச்சும் போட்டு மெல்லு. போ, ஊரைச் சுத்து" என்று விரட்டிவிட்டார். அன்று தொடங்கியது இந்த உத்தியோகம்.

அடுத்த பயணத்திலும் ஊர் சுற்றப் போகிறார் என்று தெரிந்ததும் லயத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தின்னவேண்டியது ஒருவருக்கு, பார்க்கவேண்டியது ஒருவருக்கு, தெப்பக்குளத்துத் தண்ணீரில் காலை நனைக்க வேண்டியது இன்னொருவருக்கு. பொன்னையா எழுதப் படிக்கத் தெரியாதவர். கேட்டவர் முன்னாலேயே துண்டில் ஒரு முடிச்சுப் போடுவார். திரும்பி வந்ததும் அவர் முன்னாலேயே சேதியைச் சொல்லி, முடிச்சை அவிழ்த்து, துண்டைப் படாரென்று ஒரு உதறு உதறுவார். அந்தச் சத்தம் கேட்டால் கணக்குத் தீர்ந்தது. உண்மையைச் சொன்னால்தான் முடிச்சு அவிழும் என்பது அவரே வகுத்துக்கொண்ட சட்டம். தின்னவில்லை, பார்க்கவில்லை என்பதும் உண்மைதான், அதற்கும் அவிழும். அவிழாத முடிச்சு இதுவரை கிடையாது.

இராக்கம்மா, மீனாட்சியம்மன் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று பார்த்துவரச் சொன்னாள். பொன்னையா நாலு கோபுரத்தையும் நாலு தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்தது. வந்து சொன்னார்: "நம்ம ஆளுகளை உள்ள விடமாட்டாங்க, தாயி. கோபுரம் பெரிசா இருக்கு. மூக்குத்தி தெரியல." வேறொருவராக இருந்தால் இடப்பக்கம் என்று ஒரு போடு போட்டிருப்பார். இராக்கம்மாவுக்கு முகம் வாடியது. துண்டு படாரென்று உதறப்பட்டது.

பதுளைக் கடைத்தெருவில் மிட்டாய்க்கடை வைத்திருக்கும் ஷுக்ரி நானாவின் கதை இன்னும் மோசம். மதுரை அல்வாவைத் தின்று பார்த்து, தன் அல்வாவோடு ஒப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று ஷுக்ரி கேட்டார். பல் கூசக் கூசத் தின்றுவிட்டு வந்த பொன்னையா, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "நானா, அங்கத்தது தொண்டையில வழுக்கிட்டுப் போவுது. உங்களது பல்லுல ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் கூட வருது" என்றார். அதன்பிறகு ரொம்ப நாளைக்கு ஷுக்ரி அவரை வா என்று கூப்பிடவில்லை. ஆனால் அல்வாவின் பதத்தை மாற்றிவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் பெரியாயியும் ஒரு முடிச்சுப் போடச் சொன்னாள்.

பெரியாயி லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பராவில் இருக்கிறவள். எதைக் குடித்தாலும் அடிவரை குடிப்பாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு நாக்கில் விழும் வரை காத்திருந்து, பிறகு விரலை விட்டு மண்டியையும் வழித்து நக்குவாள். "பெரியாயி குடிச்ச கோப்பையைக் கழுவ வேண்டியதில்லை" என்று லயத்தில் கேலி செய்வார்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், காரணத்தையும் சொன்னதில்லை. பொன்னையாவிடம்தான் சொன்னாள்.

சிறுபிள்ளையாக அவளைத் தோட்டத்துக்கு ஆள் கட்டி அழைத்து வந்த நாளில், அந்தக் காலத்துக் கங்காணி மதுரை விளக்குத்தூண் பக்கம் அவளுக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தாராம். வாழ்க்கையில் அவளுக்கென்று ஒருவர் காசு கொடுத்து வாங்கிய முதல் பண்டம். பாதி குடிப்பதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கங்காணி கையைப் பிடித்து இழுக்க, மிச்சப் பால் கைநழுவிப் போய்விட்டது.

"மேல அப்பிடி ஒண்ணும் இனிக்கல, தம்பி. அடியில ஏதோ வச்சிருந்தான். எனக்கு நல்லாத் தெரியும், ஏதோ இருந்துச்சு. அம்மை வந்து படுத்தப்பவும் அதான் நெனப்பு. புருசன் செத்தப்பவும், சொன்னா சிரிப்பே, நடுவுல ஒரு தடவை அதான் நெனப்பு. போயி அடிவரைக்கும் குடிச்சிட்டு வந்து என்னா இருந்துச்சுன்னு சொல்லு. அது போதும் எனக்கு."

பொன்னையா சிரிக்கவில்லை. துண்டின் மூலையில் முடிச்சுப் போட்டார். போன வருஷம் போனபோது பருத்திப்பால்காரர் ஊரில் இல்லை. வந்து அதைச் சொல்லி அவிழ்த்தார். அவள் அதே மூலையை இழுத்துப் பிடித்து, "இன்னொருக்காப் போடு" என்றாள்.

இந்த வருஷம் பால்காரர் இருந்தார். அடுப்பின்மேல் பெரிய பித்தளைப் பானை. பக்கத்தில் துருவிய தேங்காய், உடைத்த கருப்பட்டி. லோட்டா யாருக்கு, கொட்டாங்கச்சி யாருக்கு என்று ஆளைப் பார்த்ததும் அவருக்குத் தெரியும். பொன்னையாவுக்குக் கொட்டாங்கச்சி வந்தது. அதில் முதலில் தேங்காயும் கருப்பட்டியும் போட்டு, மேலே கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றினார்.

"கலக்கப்படாது. அடிவரைக்கும் குடிக்கணும். மேல இருக்கிறது வெறும் பாலு. சமாச்சாரமெல்லாம் அடியில."

பொன்னையா கண்ணை மூடினார். மேல்பாதி சப்பென்று இருந்தது. சுக்கு மட்டும் தொண்டையைத் தொட்டது. பெரியாயி சொன்னது சரி. பாதிக்குக் கீழே போகப் போக இனிப்பு ஏறியது. அடிக்கு வந்தபோது, பாதி கரைந்த கருப்பட்டியும் வெந்த தேங்காயும் ஏலமும் ஒன்றாகத் திரண்டு வாய் நிறைய வந்தது. பல் கூசியது. கூசட்டும் என்று விட்டுவிட்டார். இத்தனை வருஷம் ஊராருக்காகத் தின்றதில் இப்படி ஒன்று அவர் வாய்க்குள் வந்ததில்லை. விரலை விட்டு வழித்து நக்கிய பிறகுதான், தான் பெரியாயியைப்போலச் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "சுக்கு ஜாஸ்தி" என்று பால்காரரிடம் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் அவருக்கு நிம்மதி இல்லை. 'நீங்க விட்டுட்டு வந்ததுதான், அக்கா, எல்லாமே' என்று சொல்லவேண்டும். ரயிலில் சொல்லிப் பார்த்தார், வந்தது. பதுளையில் சொல்லிப் பார்த்தார், பாதிதான் வந்தது. பசறை தாண்டி ஏற்றத்தில் நடக்கும்போது வரவே இல்லை. அதைக் கேட்டபிறகு அவள் மிச்ச நாளை எப்படிக் கழிப்பாள்? பொய் சொல்வதென்றால் அதுவும் லேசில்லை. ஒன்றில் பொய் சொன்னால் ரெங்கம்மாவின் இட்லியும் பொய்யாகிவிடும், இராக்கம்மாவின் கோபுரமும் பொய்யாகிவிடும். வீரசிங்கத்துக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? பெரியாயியை நினைத்து அவருக்கு இரக்கமாக இருந்தது. இரக்கம் இனிப்பைப்போல, அவருக்குப் பழக்கமில்லாத சங்கதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை. லயத்துத் திண்ணையில், இஸ்தோப்பில், கூட்டம் கூடியது. பொன்னையா ஒவ்வொருவராகத் தீர்த்துக்கொண்டு வந்தார். "நல்லா இருந்துச்சு, ரெங்கம்மா. ஆனா நீ நெனக்கிற அளவுக்கு இல்ல. தொட்டுக்கிறது இல்லாட்டி இட்லிக்கு மரியாதை இல்ல." படார். "தெப்பக்குளத்துல தண்ணி வத்திப்போச்சு. சேத்துலதான் காலை வச்சேன்." படார். ஒருத்தர்கூட மறுபேச்சுப் பேசவில்லை. பொன்னையா சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

பெரியாயி கூட்டத்துக்கு வரவில்லை. எல்லோரும் கலைந்தபிறகு தன் காம்பரா வாசலில் நின்று, "தம்பி, தேத்தண்ணி ஊத்தியிருக்கேன்" என்று கூப்பிட்டாள். வெளுத்த சேலை கட்டி, தலையைப் படிய வாரியிருந்தாள். இரண்டு கோப்பை. ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு எதிரே குந்தினாள்.

"ஆளு இருந்தாரா?"

"இருந்தாரு."

"குடிச்சியா?"

"அடிவரைக்கும் குடிச்சேன்."

பெரியாயி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அடியில என்னா, தம்பி?"

பொன்னையா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். வலப்பக்கமே வைத்து விழுங்கினார்.

"ஒண்ணுமில்லக்கா. பருத்திக்கொட்டைத் தோலு, கொஞ்சம் மண்ணு. ரெண்டு தடவை துப்பினேன். குடிக்கிற மாதிரி இருந்தது மேப்பாதிதான். அதை நீங்க அன்னைக்கே குடிச்சிட்டீங்க."

"மண்ணா?"

"மண்ணு."

"அப்ப அந்தப் பாவி என்னைய இழுத்ததுல நட்டமில்ல?"

"நட்டமே இல்ல."

"இதுக்குப் போயி இத்தனை வருசம்..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் இப்படிச் சிரித்து லயத்தில் யாரும் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தாள். அடிக்கு வந்ததும் பழக்கத்தில் விரல் கோப்பைக்குள் போனது. அங்கேயே நின்றது. கோப்பைக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். மண்டியை அப்படியே வாசல் சாக்கடைக் கானில் வீசி ஊற்றினாள்.

"சக்கையை எவ குடிப்பா" என்றபடி கோப்பையைக் கழுவ உள்ளே போனாள்.

பொன்னையா துண்டை எடுத்து மடியில் போட்டார். மற்ற முடிச்செல்லாம் அவிழ்ந்து, இருந்த இடத்தில் சுருக்கம் மட்டும் தெரிந்தது. மூலையில் அவளுடையது ஒன்று பாக்கி. விரலை அதன்மேல் வைத்தார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தமும், இன்னும் அடங்காத அவள் சிரிப்பும் கேட்டன. விரலை எடுத்துக்கொண்டார். துண்டை உதறாமல், முடிச்சோடு தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி நடந்தார்.