சந்தன மரத்தடியில் மரத்தூள்

இன்று காலை எங்கள் மலையூரான வாழவந்தி நாட்டில் என் நிலத்துக்கு வனக்காவலர் வந்தார். வரப்பில் நிற்கும் சந்தன மரத்தின் அடியில் மரத்தூளைப் பார்த்ததும் கத்தினார்.

"சந்தனம் எங்க நின்னாலும் அரசாங்கத்துது! ரம்பத்தை எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே?"

"மரம் முழுசா நிக்குதுங்களே! இது புழு குடைஞ்ச தூளுங்க."

"புழு இத்தனை தூள் தள்ளுமா? யாருகிட்டக் கதை விடறே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. துளை விழுந்த கிளையை ஒடித்துப் பிளந்து காட்டினேன். உள்ளே சிவப்பாக ஒரு புழு நெளிந்தது. வளர்ந்தால் அந்துப்பூச்சியாகிப் பறந்துவிடும். அதற்கு எங்கள் ஊரில் பெயர்கூடக் கிடையாது.

காவலர் புழுவைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கிளையைப் பார்த்தார்.

"சந்தனக் கிளையை ஒடிச்சதுக்கு உம்மேல கேசு" என்றார்.

மரத்தைத் தின்றது தப்பித்தது, காட்டிக்கொடுத்த நான் மாட்டிக்கொண்டேன். நீங்களே சொல்லுங்கள்: உள்ளேயிருந்து தின்கிறவனைப் பிடித்துக்கொடுக்க எந்த ஆபீஸுக்குப் போவது?