திறக்க மறுத்த ஓட்ஸ் பாட்டில்

மும்பையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் காலையில் எதுவும் சாப்பிட்டதில்லை. தோசை வார்த்துக்கொண்டு நின்றால் செம்பூரில் வண்டி போய்விடும். ஆபீஸ் வாசலில் ஒரு வடாபாவ், அவ்வளவுதான். அது பொறுக்காமல் என் கணவர் ஒருநாள் ஓட்ஸும் சியா விதையும் வாங்கி வந்தார்.

"அடுப்பே வேண்டாம். ராத்திரி பால்ல ஊறப் போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சுடு. டிரெயின்லயே சாப்டுக்கலாம்."

பழைய ஜாம் பாட்டிலில் பாதிக்கு ஓட்ஸ், அது மூழ்கப் பால், ஒரு கரண்டி தயிர், கொஞ்சம் சியா போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் எல்லாம் சேர்ந்து கெட்டியாக, பாயசம் போல இருந்தது. வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டேன், தேனை ஊற்றினேன், மூடியை இறுக்கினேன், ஓடினேன்.

ரயிலின் லேடீஸ் டப்பாவில், எனக்கு முன்னாலேயே நெருளில் ஏறும் ஓர் அக்கா எனக்கு எப்போதும் இடம் பிடித்து வைப்பார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் அருகில் உட்கார்ந்து பாட்டிலை எடுத்தேன். வழிந்த தேன் காய்ந்து மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. திருகினேன். அசையவில்லை.

"ஏட்டி, காலங்காத்தால என்னத்தப் போட்டு மல்லுக்கட்டுத? கொண்டா இங்க!"

அக்காவாலும் முடியவில்லை. எதிர் சீட்டுக் கல்லூரிப் பெண் முயன்றாள். நின்றுகொண்டிருந்த இருவர் முயன்றார்கள். குர்லா தாண்டியது. கடைசியில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த மராத்தி நர்ஸ் ஒருவர் கண்ணைத் திறந்து, "இதர் தே" என்று கையை நீட்டினார். பாட்டிலின் அடியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு, துப்பட்டாவைச் சுற்றி ஒரு திருகு. டப்பென்று திறந்தது. டப்பா முழுக்கக் கைதட்டல்!

அத்தனை பேர் பாடுபட்டுத் திறந்ததை நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? இருந்தது ஒரே ஸ்பூன். எல்லோரும் கோயில் பிரசாதம் வாங்குவது போல உள்ளங்கையை நீட்டினார்கள். நர்ஸ் இரண்டாம் முறையும் நீட்டினார். அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"கொழகொழன்னு நல்லாத்தாம்ட்டி இருக்கு. ஆனா உப்பு ஒறப்பு இல்லாம எனக்கு எறங்காது."

அடுத்த வாரம் அக்காவே ஒரு டிபன் டப்பாவோடு வந்தார். தயிரில் ஊறிய ஓட்ஸ். மேலே கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து, மாதுளை முத்துக்களைத் தூவியிருந்தார். நர்ஸ் மாம்பழக் கூழ் கலந்து கொண்டுவந்தார். கல்லூரிப் பெண் ஸ்பூன்கள் மட்டும் கொண்டுவந்தாள். அன்று எனக்கு என் பாட்டிலில் மிஞ்சியது இரண்டு வாழைப்பழத் துண்டு. ஆனால் வயிறு நிறைந்துவிட்டது.

வடாலா தாண்டியதும் சிக்னலில் வண்டி நின்றது. டப்பா முழுக்க முணுமுணுப்பு. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நிக்கட்டும்ட்டி. மாம்பழம் இன்னும் ரெண்டு வாய் கெடக்கு."