அண்ணன் பிரிக்க மறுத்த தோடு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி மதினி கேட்டார். நாலு வரியில் அடங்காது மதினி, நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்றேன். "உங்கண்ணன் அத யார்ட்டயும் சொல்ல வேணாம்னு சொன்னாகளே" என்றார் அவர். அண்ணன் இருந்தவரைக்கும் அவர் பேச்சைக் கேட்டு, அதைச் சொல்லாமல் இருந்தேன். இந்த ஒரு தடவை அவர் என் பேச்சைக் கேட்கட்டும்.

அண்ணன் சுருளிப்பட்டியில் பிறந்தவர். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பிள்ளைகள் அண்ணனும் தங்கை நானும் இரண்டே பேர். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது இடைவெளி. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து குலை வெட்டுவாராம். கம்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். கல்லூரிக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தைப் பீரோவில் மடித்து வைத்துவிட்டு, போடி கடைவீதியில் ஒரு நகைக்கடைக்கு வேலைக்குப் போனார். அந்த விண்ணப்பத்தைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நான் கல்லூரிக்குப் போன அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

கடையில் பழைய நகை பார்க்கிற மேசை நாளடைவில் அவருடையதாகிவிட்டது. முத்திரை உள்ள நகைக்கு அண்ணன் தேவையில்லை, அதை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். யார் செய்தது, எந்தக் காலம், கல் என்ன கல், உள்ளே இருப்பது என்ன என்று ஒன்றும் தெரியாமல் முந்தானையில் முடிந்து எடுத்து வருகிற நகைகள்தான் அவரிடம் வரும். வந்தவர்கள் உடனே கதையை ஆரம்பித்துவிடுவார்கள். இது என் மாமியாருக்கு அவர் மாமியார் போட்டது, ஜமீன்தார் வீட்டிலிருந்து வந்தது என்று. அண்ணன் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார். "கதைய அப்பறம் கேக்குறேன் ஆத்தா. மொதல்ல சாமானக் குடுங்க. கதையக் கேட்டுட்டா எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

கையில் வாங்கியதும் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். தோடு என்றால் திருகைக் கழற்றி, இடது தோட்டின் திருகை வலது தோட்டில் மாட்டிப் பார்ப்பார். மாறிப் போட்டும் ஏறினால் மெஷினில் செய்தது. அதனதன் திருகு அதனதற்குத்தான் ஏறும் என்றால் கையால் மரை போட்ட பழைய தோடு. பிறகு லென்ஸை எடுப்பார். எத்தனை வருஷம் உரசினாலும் கெம்பு என்கிற சிவப்பு மாணிக்கக் கல்லின் விளிம்பு மழுங்காது, கண்ணாடியின் விளிம்பு மழுங்கிவிடும். கல்லுக்குள் உருண்டையாகக் குமிழி தெரிந்தால் கண்ணாடியேதான். கல்லைப் பதிக்கிற அரக்கு புதிதாக இருந்தால் சிவந்திருக்கும், ஆக ஆகக் கறுத்து, கடைசியில் கரித்துண்டு மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் அவர் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லுவார், குழம்பு ஆறிப்போகும்.

ஒருமுறை வருசநாட்டுப் பக்கமிருந்து ஒருவர் காட்டில் உழுதபோது கிடைத்ததென்று ஒரு மோதிரத்தைக் கொண்டுவந்தார். பாண்டிய ராஜா போட்டிருந்தது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, இது பித்தள வாசரு. ஒங்க தோட்டத்து பம்புசெட்டுல ஒண்ணு கொறையுதான்னு பாருங்க." வந்தவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம். குறைந்துதான் இருந்தது என்று மறுவாரம் வாழைத்தாரோடு வந்து சொன்னார்.

அம்மாவிடம் ஒரு ஜோடி சிவப்புக்கல் தோடு இருந்தது. அம்மாச்சி போட்டு அனுப்பியது. பர்மா கெம்பு என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. அம்மா தவறுவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு திருகு வழுக்குகிறதென்று அண்ணன் அதைக் கடைக்கு எடுத்துப்போய், இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து அவர் கையாலேயே அம்மாவுக்கு மாட்டிவிட்டார்.

அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாள். சித்தப்பா, அத்தை, மாமா, நீங்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தீர்கள். அம்மாவின் செயினையும் தோட்டையும் ஒரு தட்டில் வைத்து, "எது வேணுமோ எடுத்துக்க தாயி" என்றார் அண்ணன். நான் தோட்டை எடுத்தேன். அவர் அன்று ஒன்றும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் ஒரு பொருளைக் கொடுத்துப் பழக்கமில்லாத மனுஷன். "தெரிஞ்சு எடு தாயி. அது கெம்பில்ல, கண்ணாடி. நீ செயின எடுத்துக்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ. "இத்தன வருசமாக் கெம்பு. ஒன் கடைக்குப் போயிட்டு வந்ததும் கண்ணாடியாயிருச்சாக்கும்?" என்று கேட்டேன். அண்ணனின் முகம் வெளுத்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றார் சித்தப்பா. ஆமாம், தெரிந்திருக்கும். உள்ளே அரக்கு கறுத்திருந்தால் யாரும் தொடவில்லை என்று அண்ணன் அந்த நிமிஷமே நிரூபித்திருக்கலாம். அவர் என் கையிலிருந்து தோட்டை வாங்கித் தட்டில் திரும்ப வைத்தார். "தங்கம் தேஞ்சு தாளாட்டம் இருக்கு சித்தப்பா. பிரிச்சா கூடு கிழிஞ்சுரும், மறுபடி சேராது. அம்மா காதுல கெடந்தது அப்படியே இருக்கட்டும். என்னையச் சொன்னாச் சொல்லிட்டுப் போறா." நான் தோட்டை எடுத்துக்கொண்டு, செயினைத் தொடாமல், நான் குடியிருந்த தேனிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ஆறு வருஷம் அண்ணனிடம் பேசவில்லை. தீபாவளிக்கு மதினி மட்டும் வருவார். திராட்சைப் பெட்டியை வைத்துவிட்டு, "அங்கன ஒருத்தர் ஒன் வாயால ஒரு வார்த்த கேக்கணும்னு இருக்காக" என்பார். நான் காபி போடப் போய்விடுவேன்.

ஒருநாள் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது இடது தோட்டின் விளிம்பு துண்டில் மாட்டி, கல் தனியாகக் கழன்று விழுந்தது. அண்ணனிடம் கொண்டுபோக வீம்பு விடவில்லை. கம்பத்தில், எங்களை யாரென்றே தெரியாத ஒரு நகைக்கடைக்குப் போனேன். ஒரு கதையும் சொல்லாமல் கொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கல்லு கண்ணாடிம்மா. ஆனா பழைய கண்ணாடி, வெளிம்பு மழுங்கிப் போயிருக்கு பாருங்க. செஞ்சு எம்பது, தொண்ணூறு வருசம் இருக்கும்."

"நடுவுல யாராச்சும் கல்ல மாத்தியிருப்பாகளா?" என்று கேட்டேன்.

"வாய்ப்பே இல்ல. அரக்கு கரியாக் கெடக்கு. இந்தக் கல்லோட அச்சுதான் அதுல பதிஞ்சிருக்கு. செஞ்ச அன்னிக்கே இதத்தான் வச்சிருக்காக. அதுக்கப்பறம் ஒரு மனுசன் கை இதுல படல."

கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து நேரே போடிக்கு பஸ் ஏறினேன்.

அண்ணன் அதே மேசையில் இருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு ஏனோ உட்கார்ந்துவிட்டார். தோட்டையும் கல்லையும் மேசையில் வைத்தேன். "சாப்பிட்டியா தாயி?" என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் கேட்டது அதுதான்.

"அம்மா இருக்கறப்பவே ஒனக்குத் தெரியுமாண்ணே?"

"திருகு பாக்கக் கொண்டாந்தன்னிக்கே தெரியும்."

"ஏன் அம்மாட்டச் சொல்லல?"

"அவுக காதுல அது கெம்பாத்தான் இருந்துச்சு. நா எதுக்குப் போயிக் கண்ணாடியாக்கணும்?"

பேசிக்கொண்டே அரக்கை இளக்கிக் கல்லைப் பதித்தார். பழைய கறுத்த அரக்குத் துணுக்குகள் அவரிடம் ஒரு மாத்திரை டப்பா நிறைய இருந்தன. அதைத் தொடாமல் புதிய சிவப்பு அரக்கைத்தான் எடுத்தார். ஏன் என்று கேட்டேன். "இது இப்ப வச்சதுன்னு நாளைக்குப் பாக்குறவனுக்குத் தெரியணும்ல" என்றார். அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்தார். அம்மாவின் செயின், அன்றைக்குத் தட்டில் இருந்த அதே மஞ்சள் துணியில். "இது ஒன்னோடது. நீ வருவன்னு தெரியும்" என்றார்.

அன்றே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. "விடு தாயி. வீடு வீடாப் போயிச் சொல்லிக்கிட்டா இருப்ப?"

அதன்பின் எங்களுக்கு நாலு வருஷம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்விடுவேன். சிறுநீரகம் பழுதாகித் தேனியில் மருத்துவமனையில் கிடந்தபோதும் அண்ணனுக்குக் கேலி போகவில்லை. ஊசி போட வந்த நர்ஸின் கம்மலைப் பார்த்து, "தாயி, ஒங்க கம்மல் ரெண்டும் எடது வலது மாறிக் கெடக்கு" என்றார். மாறித்தான் இருந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு தினமும் அவரிடம் காதைக் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினார், விழிக்கவில்லை.

இரவு பகல் பாராமல் உடனிருந்த மதினிக்கும், அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு ஓடிவந்த அண்ணன் பிள்ளைகளுக்கும், அந்த நர்ஸுக்கும், மேசையை இன்னும் துடைத்து வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும், அண்ணனிடம் நகை காட்டிப் பழகி, குமுளியிலிருந்து மாலையோடு வந்து நின்ற மலையாளத்துச் சேச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று கூடத்தில் எல்லாரும் வாயடைத்து நின்றபோது, "எம்மருமகன் அப்பிடிச் செய்ய மாட்டான்" என்று ஒற்றையாளாகச் சொன்ன அத்தையின் காலில் விழுந்து கும்பிடுகிறேன்.

அண்ணே, வீடு வீடாகத்தான் போகிறேன். அன்று அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த மலரை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அந்தத் தோட்டைத்தான் போட்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் யாராவது அதைப் பிரித்துப் பார்த்தால், இடது தோட்டில் அரக்கு சிவந்திருக்கும். அது எங்கள் அண்ணன் வைத்தது. வலது தோட்டில் கறுத்திருக்கும். அதை எங்கள் அண்ணன் தொடவே இல்லை.