கேப்டன் கடைசியில்தான் சாப்பிடுவான்

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் மாணவர் விடுதியில் என் பக்கத்து அறைக்காரன் நைஜீரியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து சிவில் இன்ஜினியரிங் படிக்க வந்தவன். நான் சாதத்தை இறக்குவதற்குள் தட்டோடு வந்து நிற்பான். வெந்துவிட்டதா என்று கேட்பது மரியாதைக்குத்தான். பதில் சொல்வதற்குள் மூடியைத் திறந்திருப்பான். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அறுபத்தேழில் அவன் ஊர்க்காரர்கள் பியாஃப்ரா என்று தனி நாடு அறிவித்தார்கள், உள்நாட்டுப் போர் மூண்டது. அவனை யாரும் கூப்பிடவில்லை. பாதிப் படிப்பை அப்படியே போட்டுவிட்டு, காலாட்படையில் சேரத் தானாகவே கிளம்பிப் போனான். கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் வேண்டும் என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

மாடியில் இருந்த ஜெர்மன் பையன்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஆளாளுக்கு ரொட்டியும் சீஸும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பொதுச் சமையலறையில் நான் நின்றபடியே சட்டியிலிருந்து சாப்பிடப் பழகினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வருடங்களில் பட்டத்தைவிட, வேலையைவிட, எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றுதான் ஏங்கினேன்.

எழுபதின் தொடக்கத்தில் போர் முடிந்தது. அவன் பக்கம் தோற்றது. அந்த இலையுதிர் காலத்தில் அவன் படிப்பை முடிக்கத் திரும்பி வந்தான், அதே மாடிக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சில வாரப் பயிற்சியிலேயே செகண்ட் லெஃப்டினன்ட் ஆக்கிவிட்டார்களாம். கடைசியில் கேப்டன், நூற்றுச் சொச்சம் வீரர்கள் கொண்ட ஒரு கம்பெனி முழுக்க அவன் பொறுப்பு. “பெரிய ஆளாயிட்டே போலிருக்கே” என்று கிண்டல் செய்தேன். “நான் மேலே ஏறலை. மேலே இருந்தவங்க செத்துட்டாங்க” என்றான். நாங்கள் பேசியது ஜெர்மன், எனக்கு அது இப்போது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் வந்தவன் பழைய ஆள் இல்லை. சமையலறைக்கு வருகிறவர்கள் ரொட்டியை எடுத்துக்கொண்டு போய், நானும் சாப்பிட்டு முடிக்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பான். எல்லாரும் போனபிறகுதான் தட்டை எடுப்பான். வயிற்றில் ஏதோ கோளாறு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கோ எரிச்சல். மூன்று வருடம் காத்திருந்து, கிடைத்த ஆளும் என்னோடு உட்கார மாட்டேன் என்கிறானே.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் விடுதியே காலியானது. நான் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவன். அந்த ஒரு நாள் தனியாக இருப்பது எனக்கு ஆகவே ஆகாது. மத்தியானமே கடைகளை அடைத்துவிடுவார்கள் என்பதால் காலையிலேயே கோழி வாங்கிவந்து குழம்பு வைத்தேன். அவனை உட்காரவைத்துத் தட்டில் சாதம் போட்டேன்.

“நீ முதல்ல சாப்பிடு” என்றான்.

“எங்க வீட்ல விருந்தாளி சாப்பிடாம பரிமாறுறவன் உட்கார மாட்டான்.”

“நீ சாப்பிடாம என்னால முடியாது.”

அவனும் எழுந்துவிட்டான். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் ஆறிக்கொண்டிருக்கிற குழம்பு. எனக்குப் பொறுமை போய்விட்டது. “போர் முடிஞ்சு போச்சு. உனக்குக் கீழே இப்ப யாரும் இல்லை” என்று கத்தினேன்.

அவன் உட்கார்ந்தான். மேஜையைப் பார்த்தபடியே சொன்னான். அவர்கள் படையில் வீரர்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அதிகாரி சாப்பிடுவாராம். மரவள்ளிக் களிதான் சாப்பாடு, பல நாள் அவன் முறை வரும்போது பானை காலியாக இருக்கும். அதில் அவனுக்குப் பெருமைகூட உண்டு. போரின் கடைசி நாட்களில் ஒரு பாலத்தைக் காக்கச் சிலரை அவனே தேர்ந்தெடுத்து அனுப்பினான். அவர்கள் பங்கை மூடிவைத்துக் காத்திருந்தான். மற்றவர்கள் பசியில் கேட்டபோதும் தரவில்லை. விடிந்தும் யாரும் வரவில்லை. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. எறிய மனம் வராமல் அந்தக் களியை அவனே எடுத்துச் சாப்பிட்டான்.

“ருசியா இருந்தது” என்றான். “அவங்க வரமாட்டாங்கன்னு தெரியும். இருந்தும் ருசியா இருந்தது.”

என் வீட்டுப் பழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் பார்த்துக்கொண்டிருக்க, ஆறிப்போன சோற்றைத் தனியாகவே சாப்பிட்டேன். மீதம் வைக்கவில்லை. போதுமா என்று கேட்டான். போதும் என்றேன். அதற்குப் பிறகுதான் தட்டை இழுத்துக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்தான்.

சமைத்த எவரும் கேட்கிற கேள்விதான், எப்படி இருக்கு என்று. எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. அன்று நான் கேட்கவில்லை. அவன் படிப்பை முடித்துப் போகும்வரை ஒருநாளும் கேட்கவில்லை.