பாட்டுக் கேட்க வந்தவர்களும் பெண் பார்க்க வந்தவர்களும்

எங்கள் மாமாவுக்குப் பாடகர்களைக் கண்டுபிடிக்கும் வியாதி இருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர் வேலை. தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் வாசம். எழுபதுகளின் பிற்பகுதியில் சிராங்கூன் சாலைப் பக்கம் எங்கே பந்தல் போட்டு மைக் கட்டினாலும் அங்கே அவரைப் பார்க்கலாம். பொங்கல் விழா, கோயில் திருவிழா, சங்கத்து ஆண்டு விழா எதையும் விட்டதில்லை. ஆனால் பெரிய இசைக்குழு மேடையேறி, கூட்டம் முண்டியடிக்கத் தொடங்கியதும் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் ஆறு மணி வாக்கில், மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே பெயர் தெரியாத யாரையாவது பாடவிடுவார்களே, அவர்களைக் கேட்கத்தான் அவர் போவது. ஒன்பது வயதுப் பெண்ணான என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போவார். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் ஒன்று கைக்கு வந்துவிட்டால், யார் பாடினாலும் எனக்குச் சம்மதம்.

அவர் கண்டுபிடித்தவர்கள் யாரும் உருப்பட்டதாக நினைவில்லை. பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டே பாடும் டாக்சி ஓட்டுநர் ஒருவர் இருந்தார். தெம்மாங்கு பாடும் தபால்காரர் ஒருவர், எந்த விழாவானாலும் மூன்றாவது அடியை மறந்துவிட்டு மேடையில் நின்றபடி சிரிப்பார். மாமா என் காதில், "இவரு எங்கயோ போகப்போறாரு பாரு" என்பார். அவர்கள் எங்கும் போகவில்லை. அடுத்த வருடமும் அதே ஆறு மணிக்கு அதே காலி நாற்காலிகளுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடப் பொங்கல் விழாவில் ஒரு பெண் கிட்டாரோடு மேடையேறினார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கிட்டார் என்பது ஆண்கள் மட்டுமே மாட்டிக்கொள்ளும் பொருள் என்று அதுவரை நினைத்திருந்ததால் நான் கடலை மெல்வதை நிறுத்தினேன். "மாதா கோயிலில் கிட்டார் வாசிப்பவர், இப்போது ஒரு சொந்தப் பாட்டைப் பாடுவார்" என்று அறிவித்தார்கள்.

சொந்தம் என்றால் எனக்குத் தெரிந்து சொந்தக்காரர்கள். சித்தி, பெரியம்மா, பெரிய மாமா இவர்களைப் பற்றிய பாட்டு போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். கூட்டமோ தெரிந்த சினிமாப் பாட்டுக்காகக் காத்திருந்தது. இரண்டாவது அடிக்குள்ளேயே சிலர் எழுந்து சர்பத் குடிக்கப் போய்விட்டார்கள். விழாக்குழுச் செயலாளர் கையை அசைத்தார். மைக் செத்துப்போனது. அந்த அக்கா மைக் இல்லாமலே இன்னும் கொஞ்சம் பாடிப் பார்த்தார். அதற்குள் கோலாட்டப் பிள்ளைகள் கோல்களோடு மேடையில் வந்து நின்றுவிட்டார்கள். அவர் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

மாமா என்னை இழுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினார். "ரொம்ப நல்லா பாடினீங்க" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"எதுவரைக்கும்? மைக் இருந்த வரைக்குமா?" என்று கேட்டார் அந்த அக்கா. சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கண் கலங்கியிருந்தது. "என் பாட்டு ஒண்ணையாவது இதுவரைக்கும் யாரும் முழுசா கேட்டதில்லங்க."

"எங்க வீட்டுக்கு வந்து பாடுங்க. அந்தச் செயலாளரையும் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கிறேன். கடைசி வரி வரைக்கும் யாரும் நிறுத்த மாட்டாங்க. நான் பொறுப்பு."

அதற்குமுன் கண்டுபிடித்த யாரையும் மாமா வீட்டுக்கு அழைத்ததில்லை. எனக்கு அது உறைக்கவில்லை. அம்மாவுக்கு உறைத்தது. மாமா அம்மாவிடம் வந்து சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, வர்ற ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு ஒரு பொண்ணு நம்ம வீட்டுக்கு வரும். அவங்க அம்மாவும் கூட வருவாங்க. பொண்ணு பாடும். நாலு பேரு உக்காந்து கேப்போம். கொஞ்சம் பலகாரம் செஞ்சுடு."

பெண் வரும், பெண்ணின் அம்மா வருவார், பெண் பாடும், பலகாரம் வேண்டும். தமிழ்க் குடும்பத்தில் இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? முப்பது வயது தாண்டியும், வந்த வரன்களையெல்லாம் "அப்புறம் பாக்கலாம்" என்று தட்டிக்கழித்த தம்பி, தானாகவே ஒரு பெண்ணைக் காட்டுகிறான் என்று அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளை வீட்டார்தானே பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற சந்தேகம் அப்பாவுக்கு வந்தது. "வேதக்காரங்க வழக்கம் அப்படி இருக்கும்லா" என்று அம்மா அதை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைத்தார். பெரிய மாமாவுக்குப் பொதுத் தொலைபேசியிலிருந்து செய்தி போனது. மாதா கோயில் பெண்ணா என்று அவர் முதலில் முறைத்துக்கொண்டாராம். பிறகு புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாராம்.

நான் வேறொரு குழப்பத்தில் இருந்தேன். மாமா எல்லாரிடமும் "பாடுறதெல்லாம் சொந்தப் பாட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவோ, "இனிமே அவங்க நமக்குச் சொந்தம் ஆகப்போறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நாற்காலி இரவல் வாங்கப் போனபோது நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, கல்யாணமா என்று மலாயில் கேட்டார். அம்மா வெட்கத்தோடு "பெலும்" என்றார். இன்னும் இல்லை என்று பொருள். மாமா அப்போது பக்கத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. அதனால் அந்த அக்கா கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, தன் அம்மாவோடு படியேறி வந்தார். எங்கள் கூடத்தில் இரண்டு கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் மாமாவின் பட்டறை நண்பர்கள், அவர்களோடு விழாக்குழுச் செயலாளர். மறுபக்கம் பெரிய மாமாவும் அவர் மனைவி அத்தையும், தலை நிறைய மல்லிகைப் பூவோடு. எந்தப் பக்கம் உட்காருவதென்று தெரியாமல் அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார். செயலாளரைக் காட்டி அம்மா அத்தையிடம், "பெரிய மனுசன் ஒருத்தரையும் கூப்பிட்டிருக்கான், பாத்தீங்களா?" என்று பூரித்தார். அவர்தான் மைக்கை நிறுத்தியவர் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். என் கையில் ஒரு வடையைத் திணித்தார்கள்.

மாமா எழுந்து நின்று செந்தமிழில் ஒரு வரவேற்புரை சொன்னார். புதிய கலைஞர்களை வீடுகளிலிருந்தே வளர்க்க வேண்டும் என்றார். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். அத்தை அம்மாவின் காதில், "இதுக்கெல்லாமா பேச்சு?" என்றார்.

அக்கா முதல் பாட்டைப் பாடினார். முடிந்ததும் நண்பர்கள் கை தட்டினார்கள். கை தட்டல் அடங்கியதும் அத்தை, "சமைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். அக்கா ஒரு கணம் திகைத்துவிட்டு, "மீ கோரெங் நல்லா பண்ணுவேங்க" என்றார். இரண்டாவது பாட்டு முடிந்ததும் பெரிய மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஞாயித்துக்கெழமையானா கோயிலுக்குப் போகணும்ல?" என்றார். "காலைலயே பூசைய முடிச்சுட்டுத்தான் வந்தேங்க" என்றார் அக்கா. கச்சேரிக்கு நேரம் கிடைத்ததா என்று விசாரிக்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய மாமாவை முறைத்தார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் அம்மா அத்தையிடம், "கிட்டார எறக்கி வச்சா உயரம் தெரியும்" என்று கிசுகிசுத்தார். நான் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மழை வந்தது, பேருந்து வந்தது, கடல் வந்தது. ஒரு சித்திகூட வரவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

நான்காவது பாட்டு முடிந்ததோ இல்லையோ, அம்மா அடுக்களையிலிருந்து ஒரு தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகைச் சரம். அதை அக்காவின் அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

"எங்களுக்குப் பிள்ளைய ரொம்பப் பிடிச்சுப்போச்சுங்க. பூவ வச்சுவிட்டுட்டா மேற்கொண்டு பேசிக்கலாம்."

"பூவா? என்னத்துக்குங்க?" என்றார் அந்த அம்மா.

"பொண்ணு பாத்தா பூ வைக்கிறது எங்க வழக்கம்ங்க."

செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ளப் பார்த்தார். கச்சேரி என்று சொல்லி அழைத்துவந்து இது என்ன கூத்து என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அக்கா கிட்டாரின் கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கினார். பிறகு மாமாவை நேராகப் பார்த்தார்.

"நீங்க பாட்டு கேக்கத்தானே என்னக் கூப்பிட்டீங்க?"

இதற்கு எனக்கே பதில் தெரியும். மேடைக்குப் பின்னால் நானும்தான் இருந்தேன். பாட்டுக் கேட்கத்தான். பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் கையைத் தூக்கியிருப்பேன். மாமாவோ தாம்பாளத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணாலேயே அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மாமாவின் காதுமடல்கள் சிவந்திருந்தன. ஆமாம் என்று சொல்ல ஒரு மனுஷருக்கு இவ்வளவு நேரமா என்று எனக்குப் பதைபதைத்தது. மறந்துவிட்டாரோ, தபால்காரருக்கு மூன்றாவது அடி மறப்பதுபோல?

"ஆமா" என்றார் கடைசியில். "பாட்டு கேக்கத்தான் கூப்பிட்டேன். வேற ஒண்ணும் இல்ல. அக்கா, தட்ட உள்ள எடுத்துட்டுப் போ." பிறகு செயலாளரைப் பார்த்து, "உக்காருங்க சார். இன்னும் ஒரு பாட்டு இருக்கு" என்றார். பாட வந்த அக்காவைப் பார்க்காமலே, "நீங்க பாடுங்க. யாரும் நிறுத்த மாட்டாங்க" என்றார்.

அக்கா பாடினார். அன்று விழாவில் பாதியில் வெட்டப்பட்ட அதே பாட்டு.

"மூங்கிலிலே காயுதடி அப்பாவோட சட்ட,
முத்து முத்தாச் சொட்டுதடி பத்தாம் மாடி விட்டு..."

கப்பலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அவர் சட்டையை மட்டும் வீட்டில் வாரம் தவறாமல் துவைத்து, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போடுகிறார்கள். கீழ்வீட்டுக்காரி மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று திட்டுகிறாள். அவள் திட்டுக்கும் ஒரு அடி இருந்தது. அதைக் கேட்டு எங்கள் கூடமே சிரித்தது. எங்கள் கீழ்வீட்டுக்காரியும் அச்சாக அப்படித்தான் கத்துவாள். கடைசி அடியில் அந்தக் கீழ்வீட்டுக்காரி திட்டுவதை விட்டுவிட்டு, "சட்ட காஞ்சிருச்சா?" என்று மேலே பார்த்துக் கேட்கிறாள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று அவர் காதுகொடுத்துக் கேட்ட பாட்டு அது ஒன்றாகத்தான் இருக்கும். எனக்கும் திருப்தி. சொந்தத்தில் ஓர் அப்பாவாவது வந்துவிட்டார்.

"இந்தப் பாட்டயா நான் நிறுத்தினேன்?" என்றார் செயலாளர். "தீபாவளி விழாவுக்கு வாம்மா. ஆறு மணிக்கு வேணாம். எட்டு மணிக்குப் பாடு, கூட்டம் இருக்கும்போது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மாமாவிடம் சொன்னார்: "மனசுல வேற எதையும் வச்சுக்காம, பாட்டுக்காகவே கூப்பிட்டீங்க. எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க. நான் மறக்க மாட்டேங்க." மாமா தலையாட்டினார்.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மாமா பேருந்து நிறுத்தம்வரை போனார். நானும் போனேன். பேருந்து வந்தது. அக்காவும் அவர் அம்மாவும் ஏறினார்கள். மாமா கிட்டாரை ஏற்றிவிட்டார். பேருந்து போய்விட்டது. நாங்கள் அங்கேயே நின்றோம். அடுத்த பேருந்து வந்து கதவைத் திறந்தது. ஓட்டுநர், ஏறுகிறீர்களா என்று தலையசைத்தார். மாமா இல்லை என்று கையைக் காட்டினார். அதற்கடுத்த பேருந்து வந்தது. அதற்கும் கையைக் காட்டினார்.

"கச்சேரி நல்லாத்தானே நடந்துச்சு மாமா?"

"ரொம்ப நல்லா நடந்துச்சு."

"அப்புறம் ஏன் நிக்கிறோம்?"

"நிப்போம்லா. என்ன அவசரம்?"

வீட்டுக்கு வந்ததும் மாமா தன் அறைக்குள் போய்விட்டார். அம்மா அடுக்களையில் தாம்பாளத்துப் பூவைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்று கேட்டார். மாமா பேருந்திலும் ஏறவில்லை, வீட்டுக்கும் வரவில்லை, சும்மாவே நின்றுகொண்டிருந்தார் என்று நான் புகார் சொன்னேன். அம்மாவின் கை நின்றுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவி நான். அவனாவே மெதுவா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருப்பான். இந்தத் தட்ட ஒரு மாசம் கழிச்சு எடுத்திருக்கக்கூடாதா?" என்று சொல்லி அழத் தொடங்கினார்.

தாம்பாளத்துக்கும் பேருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அம்மா அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு மாதம் கழித்து என்றால் வாழைப்பழமெல்லாம் அழுகிப் போயிருக்குமே அம்மா, இன்றைக்கு எடுத்ததுதான் சரி என்று சமாதானம் சொன்னேன்.