பிலிமில் மிச்சமிருந்த ஒரு படம்

குஜிலியம்பாறையில் பஸ் நிற்கிறது, ரேடியேட்டர் கொதித்துவிட்டது. இரண்டு கல்யாணங்களுக்குப் போட்டோ எடுத்துவிட்டுத் திண்டுக்கல் திரும்பிக்கொண்டிருக்கிறேன். தோள் கழன்றுவிடும்போல வலிக்கிறது. ஆசைக்கு வாங்கிய காமிராதான் இப்போது சோறு போடுகிறது. பிலிமில் ஒரே ஒரு படம் மட்டும் எனக்கென்று மிச்சம் வைத்திருக்கிறேன். கீழே இறங்கி, புழுதி கிளப்பி வரும் ஆட்டு மந்தையை எடுக்கக் குனிகிறேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் குறுக்கே வருகிறாள்.

"அண்ணே, இவன ஒரு போட்டோ எடுங்கண்ணே. இவங்க அப்பா மலேயாவுல இருக்காக. பிள்ள மொகத்த இன்னும் பாக்கல."

படத்தை அனுப்ப, அலுப்போடு விலாசத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் மந்தை கடந்துவிடுகிறது.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு நில்லும்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழந்தையை மட்டும் முன்னால் நீட்டுகிறாள். "நான் எதுக்குண்ணே? என் மொகம் அவுகளுக்குத் தெரியும்ல."

காமிராக் கண்ணாடிக்குள் குழந்தை சிரிக்கிறது. அவள் அதைப் பார்க்கத் திரும்புகிறாள். சற்றுப் பின்னால் நகர்ந்து, இருவரையும் சேர்த்தே எடுக்கிறேன்.